குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே: அடிமைமுறையும் நிகழாத போரும்

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை சில மைல் தொலைவே. எனினும் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரையும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டப்படி, கும்பெனி ஆட்சிப் பகுதி நீதிமன்றங்கள் அடிமை மீதான உடைமை உரிமையை ஏற்க இயலாது. திருவிதாங்கூரிலோ அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள், ஒரு மனிதர் சட்டத்தின் முன் உடைமையா இல்லையா என்பதை மலையடிவாரத்து எல்லைக்கோடே தீர்மானித்தது.

அமெரிக்காவிலும் இதே கேள்விதான் எழுந்தது. புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறை பரவலாமா என்ற பூசல் 1854 முதல் கான்சாஸில் குருதி சிந்த வைத்தது. 1860இல் லிங்கன் வென்றதும், அரசு தம் கையைவிட்டுப் போகிறதென்று கண்ட தென்மாநில ஆண்டைகள் பிரிந்து சென்றனர். 1861 ஏப்ரலில் போர் மூண்டது.

இங்கே ஏன் போர் மூளவில்லை? ஆண்டைகள் எதையும் இழக்கவில்லை என்பதே நம் விடை. சட்டம் அடிமைக்கு நிலம் தரவில்லை, கடனைத் தள்ளவில்லை. நிலமும் ஊர் அதிகாரமும் இருந்த கைகளிலேயே இருந்தன. போருக்கு இரு படைகள் வேண்டும். இங்கே ஒரு தரப்பு வெறுங்கையுடன் நின்றது. எனவே பூசல் ஒருதலை வன்முறையாக வெடித்தது. அடிமை ஒழிப்புக்குப் பின், 1858-59இல் தென் திருவிதாங்கூரில் மேலாடை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் எரிந்தன. 1859 ஜூலையில் அரசு மேலாடையை அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாதென்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை இன்றும் நீடிக்கிறது. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தின் தலித் குடும்பங்கள் இசுலாத்தைத் தழுவியபோது, நாடே பணம் எங்கிருந்து வந்ததென்று கேட்டது. இழிவு எங்கிருந்து வந்ததென்று கேட்டவர் சிலரே. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், ஊர்க்கட்டுப்பாட்டைக் காட்டி, தலித் பள்ளிச் சிறாருக்குக் கடையில் தின்பண்டம் மறுக்கப்பட்டது.

போர் இல்லாததை அமைதி என்று நாம் ஏற்கலாகாது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். கொத்தடிமை ஒழிப்புக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் குழுவை விதித்துள்ளது. தென்காசியில் இக்குழுக்கள் எப்போது கூடின, என்ன முடிவெடுத்தன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர்கள் கேட்கட்டும்.