விதியா? மூச்சுக் கணக்கா?

ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால், “திடீரென்று போய்விட்டார், விதி முடிந்தது” என்று மயிலாப்பூர் வைதிகரும் சொல்லுகின்றார், குக்கிராமத்துக் குடியானவரும் சொல்லுகின்றார். இந்தத் “திடீர்” பெரும்பாலும் பொய். பல மணி நேரம் முன்பே உடல் சொல்லிவிடுகின்றது. நிமிஷத்திற்கு 12 முதல் 20 வரை ஓடும் மூச்சு 25-க்கு ஏறும், நாடி விரையும், தெளிவாய்ப் பேசியவர் உளறுவார். 2012-ல் இங்கிலாந்து வைத்தியர்கள் மூச்சு, நாடி போன்றவைகளுக்கு மார்க்கு வகுத்து, மொத்தம் 7 ஆனால் அவசர வைத்தியரை உடனே அழைக்கவேண்டும் என்று விதித்தார்கள். இந்த விதியை மாத்திரம் நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம்!

முத்துலட்சுமி அம்மையார் 1954-ல் அடையாற்றில் ஏற்படுத்தியது போன்ற புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில், மருந்தினால் வெள்ளையணு குறைந்தவருக்கு 101 டிகிரி சுரமே பேராபத்து. வீட்டிலோ திருநீறு பூசி, விடியட்டும் என்கின்றோம்.

ஆபத்தை முதலில் காண்பவர் பெரிய டாக்டரல்ல, இராமுழுதும் விழித்திருக்கும் நர்ஸம்மாள்தான். “இவர் முகம் சரியில்லை” என்று அவர் சொன்னால், “உனக்கென்ன தெரியும்?” என்று அதட்டுவது வருணாசிரமப் புத்தியல்லாமல் வேறென்ன? ஒருவர் தலையில் ஐம்பது கட்டிலைக் கட்டிவிட்டால் அவர் யாருடைய மூச்சை எண்ணுவார்? எண்ணாமலே எல்லோருக்கும் ஒரே எண்ணை எழுதிவைப்பதுதான் நடக்கும்.

நோயாளியின் அருகிலிருக்கும் தோழர்களே! தாயத்தைத் தேடாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 25 வந்தால் நர்ஸம்மாளைக் கூப்பிடுங்கள். அவர் சொல்லை டாக்டர் கேட்கும்வரை அவருடன் நில்லுங்கள்.