வைகையின் தலைமாட்டில் யாருக்கு இடம்?

வருசநாட்டு மலையில் மழை பெய்தால் மூல வைகை புரண்டு வருகிறது. மழை நின்றால் மணலாய்க் கிடக்கிறது. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை விவசாயத் தொழிலாளிக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரை மில் தோழர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் கதையும் இதுதான். மலையில் மரம் குறைந்தது. மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லை. அது கரைந்து, 1959-ல் திறந்த வைகை அணையில் வண்டலாகப் படிகிறது. அணையில் 71 அடி என்கிறது அளவுகோல். அடியில் சேறு எவ்வளவு என்று அது சொல்லாது.

காடு, கண்மாய், பழமைச் சின்னம் மூன்றையும் ஒரே வேலையாக மீட்க வேண்டும் என்று இன்று அறிஞர்கள் சொல்வதை நாம் வரவேற்கிறோம். ஆனால் யாரை வைத்துக்கொண்டு, யாரை விரட்டிவிட்டு?

காட்டை அழித்தவன் மலைக் குடியானவன்தான் என்று பழி போடுகிறார்கள். 1940-களில் "உணவு உற்பத்தியைப் பெருக்கு" என்று நாடெங்கும் முழங்கியது எந்தச் சர்க்கார்? மேகமலையில் தேயிலைத் தோட்டம் போட்டவன் இலவம்பஞ்சு பொறுக்கும் ஏழையா?

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்கிறது அது. 1940-களில் மலையேறியவன் பேரன் எதைக் காட்டுவான்? கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே!

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகையின் நீர்ப்பிடிப்பும் காக்கப்படும் என்றார்கள். நல்லது. 2022-ல் உயர் நீதிமன்றம் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று குறுக்கியது. தேனி மலைமாட்டுக்காரனுக்கு இந்தச் சலுகையால் என்ன லாபம்? அவன் மேய்த்த காடே காப்பகம்!

இங்கே ஒரு வேடிக்கை. ஆண்டிபட்டி தாலுகாவில், வைகைக் கரைப் புலிமான்கோம்பையில், அதே 2006-ல் நடுகற்கள் கிடைத்தன. 2000 ஆண்டுக்கு மேல் பழையவை. தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று ராஜாவுக்கு எடுத்ததல்ல. மாடு கவர்ந்த பூசலில் மாண்டவனுக்கு எடுத்த கல். கல்லுக்கு மாலை, மாட்டுக்காரனுக்குத் தடையா?

கண்மாய் விஷயத்திலும் பழம்பெருமை பேசும்போது எச்சரிக்கை வேண்டும். குடிமராமத்து என்பது ஊர் ஒற்றுமை மட்டுமல்ல, கூலியில்லாத வேலையும்தான். 1858-ல் வெள்ளைக்காரன் அந்தக் கட்டாய உழைப்பைச் சட்டமாகவே ஆக்கினான். 2017-ல் மாநில சர்க்கார் அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கு பாசனதாரர் தரவேண்டும் என்றது. பாசனதாரர் என்றால் நிலம் உள்ளவர். மண் சுமக்கும் நிலமற்றவனுக்கு அங்கே வாக்கு ஏது?

கண்மாய் தூர்வார, ஓடைகளில் தடுப்பணை கட்ட, சரிவில் நாட்டு மரம் நட வருசநாட்டார் கைக்கு முழுக் கூலி வேண்டும். பளியர், மலைமாட்டுக்காரர், 75 ஆண்டுக் கணக்கில் விடுபட்டவர் ஆகியோரின் மனுக்களைக் கிராம சபையில் வைத்துத் தீர்க்கும்வரை ஒரு குடிசையையும் தொடக்கூடாது. எந்தச் சரிவில் எந்த ஊற்று இருந்தது என்று அதிகாரியின் வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.