கிண்ணத்தைச் சுடுவது சாம்பார்தான்



நேற்றைய சாம்பாரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தோடு மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைக்கிறோம். வெளியே எடுக்கும்போது கிண்ணத்தின் அடி கையைச் சுடுகிறது. விளிம்பு மட்டும் ஜில்லென்றே இருக்கிறது. ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா?

மைக்ரோவேவ் அலைகள் பெரும்பாலும் கண்ணாடியைக் கடந்து போய்விடும். சாம்பாரில் உள்ள தண்ணீர்தான் அவற்றை வாங்கிக்கொண்டு சூடாகிறது. அடுப்பில் பாத்திரம் சாம்பாரைச் சுட வைக்கும். இங்கே சாம்பார் பாத்திரத்தைச் சுட வைக்கிறது. அது தொட்ட இடம் சூடு, தொடாத இடம் குளிர்ச்சி.

சூடான பக்கம் விரியப் பார்க்கும். குளிர்ந்த பக்கம் விடாது. இழுபறி முற்றினால் கண்ணாடி விரிசல் விடும். சாதாரணக் கண்ணாடி டம்ளர், சூட்டைத் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். அதனால்தான் பாத்திரத்தின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி. 1913இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன், பேட்டரிக்கான கண்ணாடி ஜாடியின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். கண்ணாடி தாங்கியது. 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் கண்ணாடிப் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. விஞ்ஞானி கொண்டுவந்த கண்ணாடிக்குச் சமையலறையில்தான் பரீட்சை நடந்திருக்கிறது!

நல்ல கண்ணாடிக்கும் ஓர் எல்லை உண்டு. ஃப்ரீசரில் உறைந்த கிண்ணத்தை உடனே மைக்ரோவேவில் வைக்காதீர்கள். சூடாக எடுத்ததை ஈரமான கிரானைட் மேடையில் வைப்பதும், நேராகக் குழாய்த் தண்ணீரில் காட்டுவதும் அதே அளவு ஆபத்து. மடித்த உலர்ந்த துணி ஒன்று போதும். விளிம்பு உடைந்த கிண்ணத்தில் கடுகு, மிளகு போட்டு வையுங்கள், சூடாக்க வேண்டாம். தங்கக் கரை போட்டதில் தீப்பொறி பறக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைக்ரோவேவில் வைத்த வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில் வெறும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சும்மா இருக்கக்கூடும். குமிழி உருவாகப் பிடிமானம் கிடைக்காததுதான் காரணம். அதில் ஒரு ஸ்பூன் காபித்தூள் விழுந்தால் சட்டென்று பொங்கிக் கையில் கொட்டிவிடும். சூடாக்கும் முன்பே ஒரு மரக்கரண்டியைப் போட்டு வைத்தால் நல்லது. எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் பொறுக்கலாம்.

பள்ளி விட்டு வந்து, நாம் வீடு திரும்பும் முன்பே தாங்களாகவே வெந்நீர் வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்? இன்று மாலை ஒரு தடவை அவர்கள் பக்கத்தில் நின்று இதைச் செய்து காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்