பார்தான் நமக்கு அடையாளமா?

தோழர்களே! தாராவியில் வழி கேட்டுப் பாருங்கள். "தொண்ணூறு அடி ரோடு, பாருக்கு எதிர்ச் சந்து" என்கிறான் நம் பையன். ஒரு காலத்தில் தோல் பதனிடும் தொட்டிகளைச் சொல்லி வழி காட்டினோம். தொட்டிகள் போயின. சதுப்பைத் தூர்த்து மேடாக்கிய கைகளையும் மறந்தோம். சாராயம் மட்டும் போகவில்லை. 1950-இல் மதுவிலக்கு வந்தபோது சேற்றுக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சினார்கள். இன்று விளக்குப் போட்டு விற்கிறார்கள். பாட்டிலுக்கு உரிமம் இருக்கிறது, பாட்டாளிக்கு?

மறுசீரமைப்புத் திட்டம் 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததற்குச் சான்று கேட்கிறது. சான்றுள்ள கீழ்த்தளத்தாருக்கே தாராவிக்குள் இலவசமாக 350 சதுர அடி. மாடியில் இருப்பவருக்கு வெளியே வாடகை வீடு. இதைப் பேசக் கூட்டம் போட்டால் பாதிப்பேர் பாரில் இருக்கிறார்கள்! உடம்பு வலி என்கிறீர்கள். வலி உண்மை. ஆனால் வீடு போனால் அந்த வலிக்கு எந்தப் பாட்டில் மருந்து?

தாய்மார்களே! வார்டின் பெண் வாக்காளரில் 25 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் கடையை மூட வாக்கெடுப்புக் கோரலாம். நிற்கும் பாட்டில், கிடக்கும் பாட்டில், இவையே சின்னம். பாட்டிலைக் கிடத்துங்கள். பழைய ரேஷன் கார்டைத் தேடி எடுத்து வையுங்கள். நாளை நம் பேரன் "சங்கத்துக்கு எதிர்ச் சந்து" என்று வழி சொல்லட்டும்!