இரண்டு மாமியார்

அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற அத்திப்பட்டுத் தெருக்களில், பிள்ளையோ பெண்ணோ என்ஜினீயராக வேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் குறைவு. பிளஸ் டூ முடிவு வந்ததும் காலேஜ் விளம்பரங்களை விரித்துவைத்துக் கொண்டு உட்கார்ந்து விடுகிறார்கள். 'அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சரி, யார் கொடுத்த அங்கீகாரம்? அங்கேதான் இருக்கிறது சங்கதி!

என்ஜினீயரிங் காலேஜ் என்பது இரண்டு மாமியார் உள்ள வீட்டு மருமகள். ஒரு மாமியார் ராஜ்ய சர்க்கார். இன்னொரு மாமியார் டில்லியில் இருக்கும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்; 1987-ம் வருஷத்துச் சட்டத்தால் பார்லிமெண்டே அதற்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. இருவருக்கும் ஒத்துப் போகாவிட்டால் என்ன ஆகும்?

ஹோசூர் அதியமான் என்ஜினீயரிங் காலேஜுக்குத் தமிழ்நாடு சர்க்கார்தான் அனுமதி கொடுத்தது. பிறகு, அதை ஏன் ரத்துச் செய்யக் கூடாது என்றும் கேட்டது. மத்தியச் சட்டம் வந்த பின் அந்த அதிகாரம் ராஜ்யத்துக்கு உண்டா? 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு, உயர் கல்வியின் தரத்தை வகுப்பது மத்திய சர்க்காரின் பொறுப்பு என்றும், அதற்கு முரணான அளவில் ராஜ்யச் சட்டம் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது.

அப்படியானால் டில்லி மாமியார் சொல்வதெல்லாம் வேதவாக்கா? அதுவும் இல்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக் கழகம் கவுன்சிலைக் கேளாமலே சில தொழில்நுட்பப் படிப்புகளைத் தொடங்கியது. சென்னை ஹைகோர்ட்டில் கவுன்சில் ஜெயித்தது. ஆனால் 2001 செப்டம்பர் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. 'தொழில்நுட்ப நிறுவனம்' என்ற சொல்லில் பல்கலைக் கழகத்தைச் சட்டம் சேர்க்கவில்லை. சட்டம் தராத அதிகாரத்தைக் கவுன்சில் தன் விதிகளில் எழுதிக் கொள்ள முடியாது என்றது. ஆனால் ஒன்று: முன் அனுமதிதான் வேண்டாம், கவுன்சில் வகுத்த தரத்தைப் பல்கலைக் கழகமும் காப்பாற்றியே ஆக வேண்டும்.

இரண்டு வழக்கிலும் கோர்ட்டு தீர்த்து வைத்தது, அதிகாரம் யாருக்கு என்பதை. ஆய்வுக்கூடத்தில் கருவி இருக்கிறதா, வாத்தியார் வகுப்புக்கு வருகிறாரா என்பதெல்லாம் எந்தத் தீர்ப்பிலும் இராது. வழக்கு வருஷக் கணக்கில் நடக்கலாம். பிள்ளையின் வயசு காத்திருக்குமா?

ஆகவே, பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக் கழகம்? தனியார் காலேஜானால், இந்த வருஷத்துக்குக் கவுன்சில் அனுமதி உண்டா? பிள்ளை சேரப்போகும் அதே பாடப்பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று உண்டா, அது எந்தத் தேதி வரை? முதல் இரண்டும் காலேஜ் நடத்துவதற்கு உரிமை. மூன்றாவதுதான், அதை நன்றாக நடத்துகிறார்கள் என்பதற்குச் சாட்சி. ஒன்று இருப்பதால் மற்றது இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

மாமியார்கள் சண்டை என்றாவது ஒருநாள் தீர்ந்துவிடும். அதுவரையில் பட்டினி கிடப்பது குழந்தை அல்லவா?