மேம், கொஞ்சம் ப்ரைட்டா தெரியும்!

டெல்லிப் பக்கம் 12-வது படிக்கிற பொண்ணு இருக்கிற வீட்டுக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம். ஜனவரி பொறந்தா போர்டு எக்ஸாம் பயம் ஒரு பக்கம், 'ஃபேர்வெல்' பயம் இன்னொரு பக்கம். 11-வது பசங்க சீனியர்களுக்குக் கொடுக்கிற வழியனுப்பு விழாதான், ஆனா பொண்ணுங்க எல்லாரும் அன்னிக்குப் புடவை கட்டிட்டுப் போவாங்க. அதுக்கு நடக்கிற ஏற்பாட்டைப் பார்த்தா நம்ம ஊர்ல நிச்சயதார்த்தமே தோத்துடும்.

போன வருஷம் எங்க வீட்டு முறை. புடவைக்குப் பிரச்சினை இல்லை, எங்கம்மாவோட அரக்குக் கலர் காஞ்சிபுரம் இருக்கு. ஜாக்கெட் தைச்சாப் போதும். மேக்கப்புக்குதான் நான் முழிச்சேன். எனக்குத் தெரிஞ்ச மேக்கப் பான்ட்ஸ் பவுடர், கண்மை, ஸ்டிக்கர் பொட்டு. அதோட என் படிப்பு முடிஞ்சுது.

"ஒரு ஃபவுண்டேஷன், ஒரு லிப்ஸ்டிக், அவ்வளவுதாம்மா. ஆனா பெரிய கடைல வாங்கலாம். நம்ம ஸ்கின்னைப் பார்த்து அவங்களே கரெக்டா சொல்லுவாங்களாம்"னா பொண்ணு.

அவங்களே பார்த்துச் சொல்லுவாங்க. இந்த ஒரு நம்பிக்கைக்குத்தானேங்க தெருமுனைக் கடையை விட்டுட்டு மாலுக்குப் போறோம்? ரங்கமணி பார்க்கிங்லயே கழண்டுக்கிட்டார். நானும் அவளும் மட்டும் உள்ளே போனோம்.

இந்தப் பெரிய கடைகள்ல அழகு சாமான் எப்பவும் தரைத்தளத்துல, வாசலை ஒட்டியே இருக்கும். உள்ளே நுழைஞ்சதும் சென்ட் வாசனை, பளீர்னு விளக்கு, கறுப்பு யூனிஃபார்ம்ல பொண்ணுங்க. ஒரு பொண்ணு சிரிச்ச முகமா உயரமான ஸ்டூல்ல என் மகளை உட்கார வச்சா. அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

என் பொண்ணு மாநிறத்துக்கும் கொஞ்சம் கீழே. என்னை மாதிரி. அந்தப் பொண்ணு அவ முகத்தை ரெண்டு செகண்ட் பார்த்தா. ஒரு பாட்டிலை எடுத்தா. புறங்கையில ஒரு சொட்டு வச்சுத் தேய்ச்சா. அடுத்த நிமிஷம், கேட்காம கொள்ளாம, முகம் முழுக்கப் பூச ஆரம்பிச்சுட்டா.

"இது கொஞ்சம் வெள்ளையா இருக்கே?"ன்னு நான் எனக்குத் தெரிஞ்ச இந்தியில இழுத்தேன்.

"ஃபங்ஷனுக்கு எல்லாரும் ரெண்டு ஷேட் லைட்டாத்தான் எடுப்பாங்க மேம். கொஞ்சம் ப்ரைட்டா தெரியும். போட்டோல நல்லா வரும்."

சொல்லிக்கிட்டே பக்கத்து அலமாரியிலேர்ந்து 'ப்ரைட்டனிங்' சீரம் ஒண்ணையும் எடுத்து வச்சா. "தினமும் ராத்திரி போட்டா ஃபேர்வெல்லுக்குள்ள டான் எல்லாம் போயிடும்"னா. வெயில் பட்டு வந்த கறுப்புன்னு அவளே முடிவு பண்ணிட்டா. பொறந்த கலர்னு சொல்ல எனக்கு அப்ப வாய் வரலை.

என் பொண்ணு கண்ணாடியைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. அரை மணி நேரம் ஒருத்தி நின்னுக்கிட்டே நமக்கு முகம் தடவி விட்டிருக்கா, ஒண்ணும் வாங்காம எப்படி எழுந்து வர்றதுன்னு எனக்குக் கூச்சம். சீரம் வேணாம்னுட்டு, ஃபவுண்டேஷனும் லிப்ஸ்டிக்கும் வாங்கிட்டேன். ரெண்டும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்.

வீட்டுக்கு வந்து பால்கனி வெளிச்சத்துல பார்த்தா, முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. கழுத்து ஒரு கலர், முகம் ஒரு கலர். அவ நேரா பாத்ரூம் போய்த் தண்ணியைத் திறந்து விட்டா. ரொம்ப நேரம் தண்ணி ஓடுற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

நான் வேலை பார்க்கிறது ஒரு வங்கியோட வாடிக்கையாளர் புகார்ப் பிரிவுல. மத்தவங்க கோபத்தைப் படிச்சு, பதில் எழுதி, ஃபைல் மூடுறதுதான் 18 வருஷமா என் பிழைப்பு. என் கோபத்தை மூட எனக்குத் தெரியலை. அடுத்த சனிக்கிழமை பில்லும் பாட்டிலுமா அதே கவுன்டருக்குப் போய் நின்னேன்.

"திறந்த பொருளை எடுக்க மாட்டோம்"னு பதில். பில்லுக்குப் பின்னாடி அப்படித்தான் போட்டிருக்கு. அது நியாயம்தான், இன்னொருத்தர் தொட்ட கிரீமை நானும் வாங்க மாட்டேனே. "ஆனா இந்த ஷேடை எடுத்துக் கொடுத்தது நீங்கதானே?"ன்னு குரலை உசத்தினேன். ஃப்ளோர் மேனேஜர் வந்தார். என்கிட்ட ஸாரி சொல்லிட்டு, அந்தப் பொண்ணு பக்கம் திரும்பி அத்தனை பேர் முன்னாடி கிழி கிழின்னு கிழிச்சார். 22, 23 வயசு இருக்கும் அவளுக்கு. நான் என்னமோ ஜெயிச்ச மாதிரி நிக்கறேன், அவ தரையைப் பார்த்துட்டு நிக்கறா.

அவர் போனதுக்கப்புறம் மெதுவா சொன்னா: "மேம், உங்க பொண்ணுக்குச் சேர்ற ஷேட் கம்பெனியில இருக்கு. இந்தக் கடைக்கு வர்றதில்லை. இங்கே விக்காதுன்னு அனுப்ப மாட்டாங்க. இல்லைன்னு சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினா என் டார்கெட் போயிடும்."

அவளும் ஊர் விட்டு ஊர் வந்தவதான். பீகார். கடையோட ஆளும் இல்லையாம், ஏஜென்ஸி மூலமா பிராண்டுக்கு வேலை பார்க்கிறா. மாசாமாசம் இவ்வளவு வித்தாத்தான் இன்சென்டிவ். வாடிக்கையாளர் உட்காரத்தான் அந்த ஸ்டூல், அவ உட்காரக் கூடாது.

அங்கே நிக்கறப்பவே எனக்கு ரங்கநாதன் தெரு ஞாபகம் வந்துடுச்சு. 2010-ல வந்த 'அங்காடித் தெரு' படம் பார்த்தவங்களுக்குப் புரியும். கடைகள்ல வேலை செய்யறவங்களுக்கு உட்கார இடம் கொடுக்கணும்னு 2018-ல கேரளாவுலயும் 2021-ல தமிழ்நாட்டுலயும் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, மனுஷங்க உட்கார ஒரு சட்டம்!

சரி, அப்ப தப்பு யார் மேல? கேட்காம பூசினதும், 'டான்'னு சொன்னதும் அவ தப்பு. அதை நான் மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அலமாரியில எந்த நிறம் இருக்கணும், எது இருக்க வேணாம்னு முடிவு பண்ணினது அவ இல்லை. எங்கேயோ ஒரு ஆபீஸ்ல, என் பொண்ணு நிறத்துல இருக்கறவங்க இந்தக் கடைக்கு வர மாட்டாங்கன்னு ஒருத்தர் கணக்குப் போட்டிருக்கார். அந்தக் கணக்குக்கு மேனேஜர்கிட்ட திட்டு வாங்கினது அவ. வெளிநாட்டுல 2017-ல ஒரு பாடகியோட கம்பெனி ஆரம்பத்துலயே 40 ஷேட் ஃபவுண்டேஷன் போட்டு, மத்த கம்பெனிகளை எல்லாம் திரும்பிப் பார்க்க வச்சது. ஆக, கலக்கத் தெரியாம இல்லை. வரிசையில வைக்க மனசு வரணும்.

நம்ம வீடு மட்டும் யோக்கியமான்னு கேட்டீங்கன்னா, அதுவும் இல்லை. 'ஃபேர்'ங்கிற வார்த்தையை அந்தப் பிரபலமான கிரீம் 2020-ல தன் பேர்லேர்ந்தே எடுத்துடுச்சு. நம்ம கல்யாணப் பேச்சுலேர்ந்து 'பொண்ணு நல்ல சிவப்பு' போயிடுச்சா? இவ பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரங்க முதல்ல பார்த்தது அவ காது நுனியைத்தான். அங்கே என்ன கலரோ அதுதான் பின்னாடி வருமாம். லீவுக்கு ஊருக்குப் போனா 'டெல்லி வெயில்ல கறுத்துட்டியேடி'ன்னு ஆரம்பிச்சு கடலை மாவுல முடியும். அந்தக் கவுன்டர் பொண்ணு புதுசா ஒண்ணும் சொல்லலை. நம்ம அத்தைங்க சொல்றதையே பாட்டில்ல அடைச்சு, விலை போட்டுச் சொன்னா.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். சின்ன வயசுல மாயவரம் கடைத்தெருவுல வளையல் போட எங்கம்மா கூட்டிட்டுப் போவாங்க. வளையல்காரர் முதல்ல கையைக் கேட்டு வாங்கி, மெல்ல அழுத்திப் பார்ப்பார். அப்புறம்தான் வளையல் பக்கமே திரும்புவார். அளவு இல்லைன்னா 'நாளைக்கு வாங்கம்மா, சரக்கு வருது'ன்னுடுவார். கைக்கு வளையல் தேடின ஆள் அவர். வளையலுக்கு ஏத்த மாதிரி கையை மாத்திக்கோன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. கஸ்டமர் சர்வீஸுன்னு நாம இப்ப பெருசா பேசுறது மொத்தமும் இதுக்குள்ள அடங்கிடும்.

மாலுக்குப் போய்ட்டு வந்த அடுத்த வாரம் ஜாக்கெட் வாங்க லாஜ்பத் நகர் போனப்ப, மார்க்கெட்ல ஒரு சின்ன அழகு சாமான் கடை. ஏசி இல்லை. சர்தார்ஜி ஒருத்தர். பொண்ணு வேணவே வேணாம்னா, நான்தான் விடாம கேட்டேன். அவர் அவளை வாசலுக்கு வரச் சொல்லி, வெயில் வெளிச்சத்துல பார்த்தார். 'கன்னத்துல இல்லை, தாடை ஓரத்துல வச்சுப் பார்க்கலாமா பேட்டி?'ன்னு கேட்டார். புதுப் பஞ்சுல ஒரு சொட்டு, பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். ஏன்னா பூசினதும் ஒரு கலர், காத்து பட்டதும் இன்னொரு கலரா மாறுமாம். ரெண்டு பாட்டில் பார்த்துட்டு, "உனக்குச் சேர்றது என்கிட்ட இல்லை பேட்டி. சேராததைப் பூசிக்கிறதுக்குப் பூசிக்காம இருக்கறது மேல்"னுட்டார். அன்னிக்கு அவருக்கு எங்களால கிடைச்ச வியாபாரம் ஒரு கண்மை. ஆனா அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு எது வேணும்னாலும் அங்கேதான் போறோம்.

இப்ப எந்தக் கவுன்டருக்குப் போனாலும் நான் எதிர்பார்க்கறது இவ்வளவுதான்:

1. முகத்தைத் தொடறதுக்கு முன்னாடி கேட்கணும். சின்னப் பொண்ணா இருந்தா அம்மாவை மட்டும் கேட்டாப் போதாது, அவளையும் கேட்கணும்.

2. டெஸ்டர் சுத்தமா இருக்கணும். பத்து பேர் உதட்டுல பட்ட லிப்ஸ்டிக்கை என் உதட்டுல வைக்கக் கூடாது. கண்மை பத்திச் சொல்லவே வேணாம்.

3. நான் கேட்காத குறையை என் முகத்துல கண்டுபிடிக்கக் கூடாது. நிறம் வியாதி இல்லை, அதுக்கு மருந்தும் வேணாம்.

4. இல்லாததை இல்லைன்னு சொல்லணும்.

5. திருப்பி எடுப்பாங்களா மாட்டாங்களான்னு, பணம் கட்டறதுக்கு முன்னாடியே வாயால சொல்லணும். பில்லுக்குப் பின்னாடி எறும்பு எழுத்துல போட்டாப் பத்தாது.

நம்ம பக்கமும் சிலது இருக்கு. இலவசமா பூசி விட்டாங்களேன்னு கூச்சத்துக்கு வாங்காதீங்க. தாடையில தடவிக்கிட்டு வாசல் வெளிச்சத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க. பாட்டில்ல காலாவதித் தேதி பாருங்க. பில் கட்டாயம் வாங்குங்க. பொருளே குறையுள்ளதா இருந்தா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லுல போட்டிருக்கிற கெடுவுக்குள்ளயும், கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ளயும், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கிட்டுப் பணம் கொடுக்க மறுத்தா அது முறையற்ற வணிகம். 1915-க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம். ஷேட் சேரலைங்கறது மட்டும் 'குறை'யில வராது, அதனாலதான் முன்னாடியே பார்த்துக்கணும்.

புகார் சொல்றப்ப, நிக்கற பொண்ணைத் தாண்டிச் சொல்லுங்க. நான் கடைசியில அதைத்தான் செஞ்சேன். அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினேன். 'உங்க பணியாளர் மேல எனக்குப் புகார் இல்லை, உங்க அலமாரி மேலதான்'னு ஆரம்பிச்சு, எந்தெந்த ஷேட் அங்கே இல்லைன்னு வரிசையா போட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு ஒரு பதில் வந்துச்சு. அந்த மாதிரி பதிலை எழுதற வேலையிலதான் நானும் இருக்கேன், அதனால அதோட அர்த்தம் எனக்குத் தெரியும். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் எழுதினேன். இன்னும் எழுதுவேன்.

ஃபேர்வெல் அன்னிக்கு என் பொண்ணு பாட்டி புடவை, கண்மை, சின்னப் பொட்டு, அவ்வளவோட போனா. ஃபவுண்டேஷன் இல்லை. ரொம்ப அழகா இருந்தா. அம்மான்னா அப்படித்தான் சொல்லுவேன், ஆனா நிஜமாவே இருந்தா. ஊருக்குப் போட்டோ அனுப்பினோம், எல்லாரும் மெச்சினாங்க.

ஆனா மேக்கப் வேணாம்னு அவளா முடிவு பண்ணினாளா, இல்லை அந்தக் கவுன்டர் அவளுக்காக முடிவு பண்ணிடுச்சான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. கேட்டா, "அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா"ங்கறா. அந்த பாட்டிலை அவ தூக்கியும் போடலை. பாத்ரூம் அலமாரியில, கடைசி வரிசையில, அப்படியே இருக்கு.