சொல் இல்லாத இசை

பாட்டென்றால் அதில் சொல் இருக்க வேண்டும், சொல் இல்லாத இசை படிக்கும்போது பின்னால் ஒலிக்கத்தான் ஏற்றது என்று தோழியர் பலர் கூறுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தின் 'எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை' என்ற நால்வர் குழு 2003-ஆம் ஆண்டு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. இப்பூமி குளிர்ந்து உயிரற்றுப் போன இடமன்று என்பது அதன் பெயரின் பொருள். ஐந்தே உருப்படிகள், முக்கால் மணி நேரம். கிதார்களும் டிரம்ஸும் உண்டு, பாடுவோர் இல்லை. முதல் உருப்படியில் இதயத் துடிப்பைப் போல ஓர் ஒலி கேட்கும்.

மூன்றாவதன் பெயர் 'கடலடியில் ஆறு நாட்கள்'. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பேரண்ட்ஸ் கடலில் மூழ்கிய ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் கூர்ஸ்க்கை நினைந்து அமைத்தது அது. கப்பலில் இருந்த 118 பேரும் மாண்டனர். வெடிப்புக்குப் பின்னும் 23 பேர் கடைசி அறையில் உயிரோடு கூடியிருந்தனர் என்பது, அவர்களுள் ஓர் அதிகாரி இருட்டில் எழுதி வைத்த குறிப்பால் பின்னர் தெரிந்தது. அந்த இருட்டுக்கு எந்தக் கவிஞர் சொல் தருவார்? தந்தாலும் நாம் சொல்லுக்குத்தானே அழுவோம்! இங்கோ மெல்லிய கிதாரும், பிறகு எழும் பேரொலியும் மட்டுமே. அழு என்று யாரும் சொல்வதில்லை.

தலைப்பை எடுத்துவிட்டால் கூர்ஸ்க் என்று தெரியுமா? தெரியாது. அந்த அளவில் தோழியர் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் இந்த ஓர் உருப்படிக்காவது புத்தகத்தை மூடி வையுங்கள். ஒன்பது நிமிடம்கூட ஆகாது.